சரள் பாதைக்குப் பதில் ஆட்டுக்கிடை

கடன் வசூலிக்க வருகிறவனைக்கூட ஊர் நம்பிவிடும். சும்மா கொடுக்க வந்திருக்கிறேன் என்பவனை மட்டும் நம்பாது. அறக்கட்டளைகளில் களப்பணி பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

என் முதலாளிகள் ராகவன் சாரும் சுதா மேடமும் பெங்களூரில் இருக்கிறார்கள். புதிதாய் முளைக்கும் கம்பெனிகளில் பணம் போட்டு வளர்த்துவிடுவது அவர்கள் தொழில். மேடத்துக்குப் பூர்வீகம் எட்டயபுரம் பக்கம். அதனால் குடும்ப அறக்கட்டளையின் கொடை கோவில்பட்டி வட்டாரத்துக்கு. கொண்டுசேர்க்கிற வேலை எனக்கு.

எந்தக் கட்சி?

முதலில் போனது ஆடு மேய்க்கிறவர்கள் குடியிருக்கும் ஒரு சின்ன ஊருக்கு. மந்தைக்குத் தலைவரான கீதாரி கந்தசாமி என்னை உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எந்தக் கட்சி என்று அவர் கேட்டார். கட்சி இல்லை என்றேன். கம்பெனியா என்றார். அதுவும் இல்லை என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எலெக்சன்கூட இல்லையே தம்பி. பெறகு எதுக்குக் குடுக்குதீங்க?”

ஐந்து நிமிடப் பேச்சு

யார் உதவி கேட்டாலும் ஐந்து நிமிடம் வீடியோவில் பேச வேண்டும் என்பது சாரின் வழக்கம். கம்பெனிக்காரர்களிடம் பழகிய பழக்கம். கீதாரி கூச்சப்பட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் மனைவி பேச்சியம்மாள்தான் பேசினார். மருமகள் முத்துலட்சுமிக்கு ஐப்பசியில் பிரசவம். மழை விழுந்தால் கரிசல் முழங்கால்வரை பிடித்துக்கொள்ளும், ஆம்புலன்ஸ் உள்ளே வராது. போன மழைக்கு ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அதனால் ரோடுவரைக்கும் சரள் அடித்துப் பாதை போட்டுத் தர வேண்டும்.

சார் எல்லோரிடமும் கேட்பதை இவரிடமும் கேட்டார்: இத்தனை ஊர் இருக்க, உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

“மத்த ஊருக்கும் போடுங்க சார், யாரு வேண்டாங்கா? மழைக்கு முன்ன எங்களுக்குப் போட்டுட்டுப் போங்க.”

தரிசில் ஆடுகள்

ஊராட்சியில் அனுமதி வாங்கி வேலை தொடங்கியது. ஊரார் தங்கள் பங்காகத் திரட்டிக் கொண்டுவந்த காசைச் சாரும் மேடமும் வாங்க மறுத்தார்கள். பாதி தூரம் சரள் விழுந்திருந்தபோது மேடத்தின் சொந்தக்காரர் ஒரு போட்டோ அனுப்பினார்: அந்தப் பக்கம் மேடத்துக்கு இருக்கும் பூர்வீகத் தரிசு நிலம் முழுக்க ஆடுகள், நடுவில் கீதாரி. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறார்கள் என்று சாருக்கு வருத்தம். லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு இயல்பிலேயே குரல் எழும்பாது. போனில் நான் சொன்ன விளக்கம் சாருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். இந்தப் பக்கம் நிலத்தில் ராத்தங்க ஆட்டைக் கிடை போடச் சொல்லி நிலம் வைத்திருக்கும் சம்சாரிகள்தான் கீதாரிக்குக் காசு கொடுப்பார்கள், விழுகிற புழுக்கை அத்தனையும் எரு. சொல்லிப் பார்த்துவிட்டு, நேரே நிலத்துக்குப் போய், மேடத்தைக் கூப்பிட்டுப் போனைக் கீதாரி கையிலேயே கொடுத்தேன்.

அவர் மேடத்திடம் மெதுவாகத்தான் சொன்னார்: “நீங்க காசு வேண்டாம்னுட்டீங்க. சும்மா வாங்குன பாதையில எப்படித் தாயி நடக்க? எங்ககிட்ட இருக்கது ஆடுதான்.”

எப்போதும் ஆங்கிலம் கலந்தே பேசுகிற மேடம், ஊர்ப்பேச்சுக்கு வந்துவிட்டார்.

“தம்பி, லாரிய வரச்சொல்லு. அண்ணாச்சி, கிடையக் கலைச்சிராதீங்க.”

ஐப்பசி

அடைமழையில் ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குக் கடலைமிட்டாயோடு போனேன். பேச்சியம்மாள் பேத்தியை என் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் போன் அடித்தும் எடுக்க மனமில்லை. அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. அவர் கவலை வேறு.

“பிள்ள நல்லாருக்கு. கிடை போட்ட மண்ணு ஈரமாக் கெடக்கு, ஒங்க மேடத்த வெரசா வெதைக்கச் சொல்லு தம்பி.”

எத்தனையோ கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் எங்கள் சாரும் மேடமும்; போட்டது கேட்காமலே புழுக்கையாகத் திரும்பி வந்தது எங்கள் கீதாரியிடமிருந்து மட்டும்தான்.