அலை ஏறப் பார்த்த கார்

மின்சாரக் கார் வடிவமைக்கிறவனுக்கு இரண்டு எதிரிகள்: ஒன்று முன்னால் வருகிற காற்று, மற்றது பார்க்க வருகிற ஆட்கள். காற்றையாவது வளைத்து அனுப்பிவிடலாம்.

கட்டாரில் பஸ் பாடி செய்யும் கம்பனி ஒன்றில் வரைபடக்காரனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஆணுக்கு வீடு என்றால் மனைவியின் வீடுதான். எனக்கு அது மருதமுனையில். வெளிநாட்டிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவன் மாமி வீட்டு மேசையில் பகல் முழுக்கக் கார் படம் வரைந்துகொண்டிருந்தால், அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று, என்னைப் போலத் திரும்பி வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸலாம் சொல்லுவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள். கோப்பையைக் கீழே வைக்கும்போது "எப்ப பயணம்?" என்பார்கள்.

எனக்குப் போக விருப்பமில்லை. என் மகள் என்னை முதலில் கண்டபோது, போனுக்குள் இருந்த ஆள் எப்படி வெளியே வந்தான் என்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னொரு முறை தாங்க என்னால் முடியாது. ஆனால் ஊரில் இருப்பதற்கு ஒரு தொழில் வேண்டுமே.

தொழில் இரண்டு பேர் ரூபத்தில் வந்தது. ஒருவர் ரமீஸ். அறுகம்பேயில் விடுதி வைத்திருப்பவர். கூரையில் சோலார் தகடு போட்டு, அலைச்சறுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு அதைப் பெருமையாகக் காட்டுகிறவர். புகை விடாத, விலை அதிகமில்லாத கார் வேண்டும் என்றார். மற்றவர் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் செய்யும் ஜவ்பர் காக்கா, ஊருக்கே அண்ணன் முறை. தன் கொட்டிலில் பாதியை எனக்குத் தந்தார். பேச்சு இதுதான்: அலைச்சறுக்குச் சீசன் தொடங்குமுன் கல்முனையிலிருந்து அறுகம்பேக்கு ஒரே சார்ஜில் கார் போய்ச் சேர வேண்டும், ரமீஸுக்கும் பிடிக்க வேண்டும். அப்படியானால் மேலும் கார்கள் செய்யலாம். இல்லாவிட்டால் கொட்டில் முழுக்க வள்ளத்துக்கு, நான் விமானத்துக்கு.

முகத்தில் ஒன்றையும் காணோம்

இவ்வளவு சின்ன மின்சாரக் காருக்கு முன்னால் ரேடியேட்டர் கிடையாது. ஆகவே சாதாரணக் கார்களுக்கு இருப்பதுபோல் பல்லைக் காட்டும் வலைக்கம்பியும் தேவையில்லை. முன்பக்கத்தை முட்டை ஓடுபோல் வழுவழுப்பாக வரைந்தேன். காற்று மோதாமல் வழுக்கிப் போகும், அதனால் பேட்டரி மிச்சப்படும். களிமண்ணில் மாதிரி செய்து வைத்து அதைத் தடவிப் பார்ப்பதே எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

வள்ளம் திருத்த வந்த மீன் முதலாளி ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "மூக்குமில்ல, வாயுமில்ல. இது எதால மூச்சு விடுற?" என்று கேட்டார். மோட்டர் எண்ணெய் எரிப்பதில்லை, அதற்குக் காற்று வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். போகும்போது ஜவ்பர் காக்காவைத் தள்ளிக் கூட்டிப்போய் அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "பொடியன் நல்ல பொடியன்தான். வாய் வெக்க மறந்திட்டான், வெக்கத்தில சொல்றானில்ல. நீயாவது வெச்சுக் குடு."

பலகைக்குத்தான் பக்கத்து இருக்கை

மாதிரியைப் பார்க்க ரமீஸ் வந்தார். எல்லாம் பிடித்தது. கடைசியில் கூரையைத் தட்டி, "பலகைய எங்க கட்டுற?" என்றார். அலைச்சறுக்குப் பலகை. ஆள் நீளத்தைவிடப் பெரியது. அதைக் கூரையில் கட்டினால் நான் இவ்வளவு நாளும் சீவிச் சீவி இறக்கிய கூரைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பலகை காற்றைப் பிடிக்கும், காற்று சார்ஜைத் தின்னும், கார் அறுகம்பே சேராமல் வழியில் கோமாரி ஊரிலேயே நிற்கும். இதைச் சொன்னால் அவர் விடுவதாக இல்லை. பலகை இல்லாமல் அறுகம்பேக்கு ஆர் வருவான் என்று கேட்டார். நியாயம்தானே.

வீட்டுக்கு வந்து சோறும் இறங்கவில்லை. பிறகு கூரையை விட்டுவிட்டு, உள்ளே இடம் தேடத் தொடங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்குப் பதில் மோட்டார் சைக்கிளில் போவதுபோல் ஒருவருக்குப் பின் ஒருவர் இருந்தால்? இடது பக்கம் முழு நீளத்துக்கும் பலகைக்கு. வரைந்து பார்த்தபோது காரின் அகலமும் குறைந்தது. அகலம் குறைந்தால் காற்றுக்கு மோத இடமும் குறைவு. தலைவலியாக வந்த பலகை எனக்கு நன்மையே செய்துவிட்டுப் போனது. ஆனால் கணவனும் மனைவியும் முன்னும் பின்னுமாகப் போக, பக்கத்தில் பலகை படுத்துக்கொண்டு போவதை வாடிக்கையாளர் ஒத்துக்கொள்வாரா என்று பயமாக இருந்தது. ரமீஸ் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளக்காரன் பொஞ்சாதிய பின்னுக்கு வெச்சாலும் வெப்பான், பலகைய பின்னுக்கு வெக்க மாட்டான். இது சரி வரும்."

நூல்

கார் உடம்பின் மேல் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பெரிய கம்பனிகள் கட்டடம் கட்டி வைத்திருக்கின்றன. எங்களிடம் மருதமுனைக் கைத்தறி நூல் இருந்தது. தறிக்காரர் வெட்டி எறியும் துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஃபைபரில் வார்க்குமுன் ஒரு பழைய வண்டிச் சட்டத்தின் மேல் தகரத்தால் கட்டிப் பார்த்த மாதிரிக் கார் முழுக்க வரிசையாக டேப் வைத்து ஒட்டினேன். கார் ஓடும்போது நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது, துடித்தால் குழம்புகிறது. மச்சான் முறையான ஒருவர் ஓட்டோவில் பக்கத்தில் வந்து வீடியோ எடுத்தார். பின்பக்கத்தில் நூல்கள் பைத்தியம் பிடித்து ஆடின. வாலைக் கொஞ்சம் நீட்டிப் பட்டென்று வெட்டியபோது அடங்கின.

சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல் தொங்கும் காரோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் பள்ளிவாசலைக் கடந்தது என் கெட்ட காலம். ஒருவர் கல்யாணக் கார் என்று நினைத்து மாப்பிள்ளையைத் தேடினார். இன்னொரு பெரியவர் கண்ணேறுக்குக் கட்டிய நூல் என்றே முடிவு செய்து என்னை ஓரமாக நிறுத்திவிட்டார். இது சோதனை, இதில் மந்திரம் ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது. கடைசியில் தோளில் கைவைத்து அன்பாகத்தான் சொன்னார்: "தம்பி, ஒண்டு ரெண்டு நூல் கட்டினா அறியாமல் எண்டு சொல்லலாம். நீங்க அல்லாஹ்வில நம்பிக்கயே இல்லாத மாதிரியெல்லோ கட்டி வெச்சிரிக்கிங்க."

தலை தூக்கியது

ஃபைபர் உடம்பை அச்சில் வார்க்கிற வாரம் நான் பேட்டரி விஷயமாகக் கொழும்பில் இருந்தேன். திரும்பி வரும்போது ஜவ்பர் காக்கா வேலையை முடித்து நிறமும் பூசியிருந்தார். அவ்வளவு அழகு. கண் நிறைந்துபோனது. சோதனை ஓட்டத்துக்கு அனுமதியும் கையில் இருந்தது. மறுநாளே அக்கரைப்பற்றைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் விரியும் நேரான வீதிக்குக் கொண்டு போனோம். காக்கா பின்னிருக்கையில்.

மெல்லப் போகும்வரை ஒன்றுமில்லை. வேகம் எடுக்க எடுக்க ஸ்டேரிங் கையில் பஞ்சாகிப்போனது. திருப்பினால் கார் யோசித்து யோசித்துத் திரும்புகிறது. முன்சக்கரம் தரையை மறந்துவிட்டதோ என்று தோன்றியது. காக்காவோ பின்னால் "நல்லா ஏறுது தம்பி, நல்லா ஏறுது!" என்று குதூகலித்தார். நிறுத்தி இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். நான் தாழ்வாக வரைந்த மூக்கு வள்ளத்தின் தலைபோல மேலே நிமிர்ந்து நின்றது. காற்று அதற்கடியில் புகுந்து காரைத் தூக்குகிறது.

"காக்கா, மூக்க ஒசத்தினிங்களா?"

"எல்லுப்போலதான், கொஞ்சம். தலை தூக்காட்டி அலைக்குள்ள குத்துமே."

"அக்கரப்பத்து ரோட்டில என்ன அலை காக்கா?"

எனக்கு அழுகை வராத குறை. சீசனோ நெருங்குகிறது. மறுநாள் காக்காவே மூக்கை அறுத்தார், தாழ்த்தி வைத்து ஒட்டினார், தேய்த்து மினுக்கினார். அதே வீதியில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டினேன். கார் தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது. எனக்கு உயிர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் பின்னாலிருந்து காக்காவின் குரல் வந்தது: "நான் வேணுமெண்டு செய்யல்ல தம்பி. இது கடலா ரோடா எண்டு கைக்குத் தெரியாதே."

ஓட்டை

கைக்குத் தெரியாத விஷயம் இன்னொன்றும் இருந்தது. காரைக் கழுவும்போது பின்பக்கத் தரையில் ஒரு வட்ட ஓட்டையும் அதற்கு ஒரு றப்பர் அடைப்பும் கண்டேன். கரைக்கு இழுத்த வள்ளத்தில் தண்ணீர் இறக்குவதற்கு வைப்பார்களே, அதே ஓட்டை. அடியில் காற்று தடையில்லாமல் ஓடட்டும் என்று தரையைப் பாய்போல் மட்டமாக வரைந்திருந்தேன். அதில் குமிழ்போல அடைப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. மூடச் சொன்னேன். மூக்கைத் தாழ்த்தச் சம்மதித்த மனிதர் இதற்குச் சம்மதிக்கவில்லை. அடைப்பைத் தரை மட்டத்துக்குச் சீவித் தருவதாக மட்டும் இறங்கி வந்தார். "ஓட்ட வெக்காம ஒரு சாமானும் என்ட கொட்டில்ல இருந்து போனதில்ல. உள்ளுக்கு வந்த தண்ணி வெளிய போகத்தானே வேணும், அது காரா இருந்தா என்ன?"

அறுகம்பே

விடியலில் சுபஹு தொழுதுவிட்டுக் கல்முனையிலிருந்து புறப்பட்டோம். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் சனமும் மாடும் ஓட்டோவுமாகத் தாண்டின. அக்கரைப்பற்றுச் சந்தையில் நின்று நின்று போனதில் கொஞ்சம் சார்ஜ் குறைந்தது. திருக்கோவிலுக்கு அப்பால் வெளி திறந்ததும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேரே முகத்தில் அடித்தது. அந்த வருடம் அது வெள்ளெனவே, காலத்துக்கு முன்பே, தொடங்கிவிட்டது. நான் ஒரு கண்ணால் வீதியையும் மறு கண்ணால் சார்ஜ் காட்டும் கட்டங்களையும் பார்த்தேன். ஒவ்வொரு கட்டமாக அணைய அணைய எனக்குக் கட்டார் விமானத்தின் வாசலே தெரிந்தது. பின்னால் காக்கா ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தார். பொத்துவிலில் கடைசிக் கட்டம் மின்னத் தொடங்கியது. மின்னிக்கொண்டே கார் அறுகம்பேப் பாலத்தைக் கடந்தது. மின்னிக்கொண்டே விடுதி வாசலில் போய் நின்றது.

இறங்கினேன். மணலில் அப்படியே குந்திவிட்டேன். இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. பிறகு எழுந்து, ரமீஸுக்கு மூக்கைக் காட்டினேன், வாலைக் காட்டினேன், கச்சானை எதிர்த்து வந்த கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கடலிலிருந்து வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், கார் தனக்கென்றே வந்திருக்கிறது என்பதுபோல், சொட்டச் சொட்டப் பலகையை உள்ளே தள்ளிவிட்டார். புதுக் காரின் தரையெல்லாம் உப்புத் தண்ணீரும் மணலும். ரமீஸின் முகம் சுருங்கியது. "ஒவ்வொரு நாளும் இதக் கழுவுறதுக்கு நான் தனி ஆள் வெக்கணுமே" என்றார். எனக்குத் திரும்பவும் விமானம் தெரிந்தது.

ஜவ்பர் காக்கா பலகையை வெளியே எடுத்தார். பின்னால் குனிந்து அடைப்பைக் கழற்றினார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். மணலும் உப்பும் சளசளவென்று கீழே இறங்கிப்போய்விட்டன. ரமீஸ் குந்தி இருந்து அடைப்பைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், சின்னப் பிள்ளைபோல மறுபடி போட்டுப் பார்த்தார். மூக்கைப் பற்றியும் வாலைப் பற்றியும் அதன் பிறகு ஒரு கேள்வியும் இல்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மத்தக் கார்களுக்கும் இந்த ஓட்டய மறக்காம வெச்சிருங்க."

அலுமாரிக்கு மேலே

நான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெரிய பயணப் பெட்டி மாமி வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஊரெல்லாம் எப்ப பயணம் என்று கேட்டபோது, கேட்காத ஒரே ஆள் மாமிதான். ஆனால் வெள்ளிக்கிழமை வீடு கூட்டும்போது அந்தப் பெட்டியைத் தவறாமல் துடைத்து வைப்பார். அது போகச் சொல்வதா இருக்கச் சொல்வதா என்று எனக்கு இவ்வளவு காலமும் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அறுகம்பேயிலிருந்து வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி ஸிபானா மகளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுமாரியைப் பார்த்தார்: "அதக் கீழ எறக்குங்க மருமகன். நீங்க திடீரெண்டு வெளிக்கிட்டுருவிங்களோ எண்டு பயந்து பயந்து தொடச்சே என்ட கை நொந்து பெய்த்து. புள்ளட சின்ன உடுப்புகளப் போட்டு வெப்பம்."

ஆக, காற்று எங்கும் பிடிக்காத கார் ஒன்றை மாதக்கணக்காக வரைந்த என்னைக் கடைசியில் ஊரோடு பிடித்து வைத்தது, நான் மூடச் சொன்ன ஓர் ஓட்டை.