மலைச் சாப்பாடு

மாத்தளை ஆஸ்பத்திரியில் என் மனைவியை வெள்ளரிக்காய் சாப்பிடச் சொன்னார்கள். பூசணிக்காய், கீரை, சொதி, கஞ்சி, தோடம்பழம், நாளெல்லாம் தண்ணீர். கருவாட்டைத் தொடக்கூடாது. அவளுடைய ஒரு பக்கத்துக் கிட்னியில் கல் அடைத்து, அது பாதி வேலையை நிறுத்திவிட்டிருந்தது. "மத்ததையாவது காப்பாத்திக்கோங்க" என்றார் டொக்டர். சின்ன வயதுப் பெண், தமிழ் பேசுகிறவர். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சாப்பாட்டு விஷயம்தானே, இவ்வளவுதானா என்று மனதுக்குள் நிம்மதிகூடப் பட்டேன். என்னை மாதிரி மடையன் எங்கள் எல்கடுவைத் தோட்டத்தில் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

அவள் தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிறவள். நான் அதே தோட்டத்து ஸ்டோரில், தேயிலை அரைக்கிற ஆலையில், வேலை செய்கிறவன். பங்குனி வெயிலில் மலையில் நின்றவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு செடிக்கடியில் சுருண்டுவிட்டாள். ஆள் வந்து சொல்லி ஓடினேன். கொழுந்து லொறியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். உதடு வெடித்துக் கிடந்தது. போத்தலை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் "வேணாங்க, வேணாங்க" என்று கையால் தள்ளினாள். வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன்.

டொக்டர் முதலில் கேட்டது சாப்பாட்டைத்தான்.

"காலையில ரொட்டியும் கட்டசம்பலும். மத்தியானத்துக்கும் ரொட்டிதாங்க, கருவாடு பொரிச்சு எடுத்துக்கிட்டுப் போவேன்."

"தண்ணி?"

அவள் தரையைப் பார்த்தாள். "வாய நனைச்சுக்கிருவேங்க."

"ரொட்டியில தண்ணி இல்ல. உப்பைச் சாப்பிட்டா அதுக்கும் சேத்து உடம்பு தண்ணி கேக்கும். காய்கறியிலயும் பழத்துலயும் இருக்கிறதே முக்காவாசி தண்ணிதான், அதையும் நீங்க தொடுறதில்ல. அப்ப உடம்பு தண்ணிக்கு எங்க போகும்?" என்றார் டொக்டர். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, அதுவும் இவள்மேல். பீலியில் இரவும் பகலும் தண்ணீர் கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் ஒருத்தி கிட்னியைக் கெடுத்துக்கொள்வாளா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மடியில் சந்தையில் வாங்கிய வெள்ளரிக்காய்ப் பை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாரம் வீட்டில் இருந்தாள். ஒழுங்காகக் குடித்தாள், ஒழுங்காகச் சாப்பிட்டாள், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மூன்றாவது திங்கட்கிழமை விடியற்காலையில் மலைக்குப் புறப்பட்டாள். நான் எழுந்து குசினிக்குள் போனபோது சட்டியில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. வெள்ளரிக்காய் கூடையில் வைத்தபடியே இருந்தது.

"என்னா புள்ள இது? டொக்டரு என்னா சொன்னாங்க?"

"அது ஞாயித்துக்கெழமைக்குங்க. மலைக்குப் போற நாளுல அதெல்லாம் சாப்பிட ஏலுமா?"

"ஏன் ஏலாது?"

"ஒண்ணுக்கு வருமே" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், மலைச் சாப்பாடு என்று ஒன்று இருக்கிறது என்று. பத்தொன்பது வருடம் தோட்டத்து லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் வாழ்ந்திருக்கிறோம். கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு, மலைக்குப் போகிற முதல் வாரத்திலேயே பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். கஞ்சி ஆகாது, சொதி ஆகாது, பூசணி, வெள்ளரி, கீரை எதுவும் ஆகாது. தேத்தண்ணீர் விடியற்காலையில் அரைக் கோப்பை. காய்ந்த ரொட்டியும் கருவாடும் சாப்பிட்டால் உடம்பு தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், சாயந்தரம்வரை ஒதுங்கத் தேவையிருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வைக்கிற பூசணிக்காய்ப் பால்கறியையும் சொதியையும், புருஷன் வீட்டில் இருக்கிற நாளென்று ஆசையாக ஆக்கிப்போடுகிறாள் என்று நான் இத்தனை வருடமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கருவாடு எப்படி ஆகிறது? மீனில் உப்பைப் போட்டால் மீனின் தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. அதையே தங்கள் உடம்புக்குச் செய்துகொண்டு, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? சாப்பிட்டால் ஒன்றுக்கு வருவதில்லைதானே. வராததற்கு என்ன விலை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மலையில் ஒதுங்க இடமில்லை. செடி இடுப்பளவு. மேலே கங்காணி நிற்பான், கீழே மருந்தடிக்கிற ஆண்கள் நிற்பார்கள், புல்லுக்குள் குந்தினால் அட்டை ஏறும். லயத்துக் கக்கூசுக்கு இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் சம்பளம், அன்றைய பாடு பாதி வீண். இதே கங்காணி நினைத்த நேரத்தில் ரோட்டோரம் திரும்பி நின்றுகொள்வான், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எனக்கு ஸ்டோரில் பத்தடியில் கக்கூஸ். நானும் ஒருநாளும் யோசித்ததில்லை.

விடிந்ததும் நேரே ஒபிசுக்குப் போனேன். மலைகளைப் பார்த்துக்கொள்கிற ஐயா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"மலையில பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் வேணுங்க ஐயா. தகரத்துல அடிச்சாலும் போதும்."

"கொழுந்து நிறுக்கிற எடத்துல தண்ணி டேங்க் வச்சிருக்கோமே, பாக்கலியா?"

"டேங்கு இருக்குங்க. குடிச்ச தண்ணி வெளிய போக எடம் எங்க?"

"இத்தன வருசமா ஒரு பொம்பளையும் வந்து கேக்கலியேப்பா. ஒனக்கு என்னா வந்துச்சு?"

அந்த நீல நிற டேங்கை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தியும் குடித்து நான் பார்த்ததில்லை, கை கழுவுவார்கள், முகம் கழுவுவார்கள். ஐயா அதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் என்ன பெருமை! இவருக்குத் தினமும் காலையில் ரொட்டியும் கருவாடும் கொடுத்து, சாயந்தரம்வரை கதிரையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்று சொன்னால் எத்தனை நாள் இருப்பார் என்று பார்க்க வேண்டும். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன. எழுதிக் கொடு பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். பெண்களிடம் கையெழுத்துக் கேட்டதற்கு வெட்கப்பட்டு ஓடினார்கள், என் வீட்டுக்காரியும் போடவில்லை. கடிதத்தில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. இன்றுவரை பதில் இல்லை.

அந்த வாரமும் ரொட்டி, கருவாடு. வேலைக்குப் போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "பேர் வெட்டிப்புடுவாங்க, லயத்தக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து குடம் பாதி காலியாகியிருந்தது. ஒரு கோப்பை, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு கோப்பை, விருப்பமில்லாமல் மருந்து குடிக்கிற மாதிரி. ஆறு நாள் விட்டதை ஒரே நாளில் குடித்துத் தீர்க்கப் பார்க்கிறாள். மற்றக் கிட்னியைப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது நினைவுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"பத்தொம்பது வருசமா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? சொல்லியிருந்தா அப்பவே ஏதாச்சும் பண்ணியிருக்க மாட்டேனா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சொன்னேனே. கல்யாணம் முடிஞ்சு மலைக்குப் போன மொத வாரமே சொன்னேன். அடக்க ஏலல, அடிவயிறு வலிக்குது, மத்தியானத்துல ஸ்டோரு கக்கூசுக்காவது வரலாமான்னு ஐயாகிட்ட கேட்டுப் பாருங்கன்னேன். எல்லாப் பொம்பளைகளும் சமாளிக்கலியா, நீ என்னா புதுசான்னீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல."

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவளுக்கு நான் நின்ற இடம்கூட நினைவிருந்தது. குசினி வாசலில் நின்றேனாம். வேலை விட்டு வந்த தாகத்தில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படிச் சொன்னேனாம்.