தாலி ஏறும் நேரத்தில் எந்த லென்ஸ்?

கல்யாணப் போட்டோ பிடிப்பவர்கள் எதை வேண்டுமானாலும் இன்னொரு தடவை செய்யச் சொல்லலாம், தாலியை மட்டும் மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

திண்டிவனத்தில் நானும் என் வீட்டுக்காரர் குமாரும் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். போட்டோ நான், வீடியோ அவர். புது ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிய கையோடு பழைய ஜூம் லென்ஸ் மண்டையைப் போட்டது. அதற்குப் பதில் இரண்டில் ஒன்று வாங்க வேண்டும். லென்ஸில் எண் சின்னதென்றால் படம் அகலமாக விழும், பெரிதென்றால் தூரத்து முகம் கிட்டே வரும். 24-70 அதிக தூரம் எட்டாது, ஆனால் மங்கல் வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். 24-105 தள்ளி நின்றே முகத்தை இழுத்துவிடும், வெளிச்சம் குறைந்தால் தகராறு செய்யும். எனக்கு முதலாவது, அவருக்கு இரண்டாவது. இரண்டையும் வாங்க வழியில்லை, முகூர்த்தத்தில் கழற்றி மாட்ட நேரமும் கிடையாது. கேமரா தூக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது.

அப்போதுதான் மயிலம் மலைக்கோயில் கல்யாணம் ஒன்று வந்தது. பெண்ணின் அப்பா வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். லீவு கிடைக்கவில்லை. முகூர்த்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால் செல்போனில் நேரடியாகப் பார்க்கவும் முடியாது. அவரே என்னிடம் பேசினார்.

"ஆல்பம்லாம் நீங்க எப்டி வேணா பண்ணுங்கம்மா. கழுத்துல தாலி ஏறும்போது எம் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியணும். அது போதும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மயிலத்துக்கு முன்னால் இரண்டு லென்ஸையும் வாடகைக்கு எடுத்து, இரண்டு கல்யாணங்களில் சோதித்துவிடுவது என்று முடிவானது.

லென்ஸுக்கு வெள்ளிக்கிழமை

24-70 வாடகைக்கு வந்த நாள் வெள்ளிக்கிழமை. மூடியைக் கழற்றி மேசைமேல் நிறுத்திவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். என் மாமியார் வெள்ளிக்கிழமையானால் வண்டி, மிக்சி எதையும் விடமாட்டார். திரும்பி வந்து பார்த்தால் லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்தவர் பொருள். மெல்லிய துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். நல்லவேளை, கீறல் விழவில்லை. மாமியார் அசரவேயில்லை.

"மூஞ்சியில வெக்காம, பின்ன முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

விழுப்புரத்தில் நெருங்கிப் போனது

அந்த லென்ஸோடு விழுப்புரத்தில் ஒரு மண்டபம். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆட்களுக்கும் குறைவில்லை. கெட்டி மேளம் என்றதும் அட்சதையோடு சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் மேடை ஏறிவிட்டது. 24-70-ஐ வைத்துக்கொண்டு தள்ளி நின்றால் பெரியப்பாக்களின் முதுகுதான் விழும். இடித்துப் பிடித்து முன்னால் போனேன். மாப்பிள்ளையின் முழங்கை என் கேமராவில் இடிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். தாலி முடிச்சு பளிச்சென்று விழுந்தது.

கீழே இறங்கியபோது முன்வரிசை அம்மா ஒருவர் நிறுத்தினார்.

"ஏம்மா, நாங்க கல்யாணம் பாக்க வந்தமா, உன் முதுகப் பாக்க வந்தமா? இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா தாலிய நீயே கட்டிக்கினு இருப்ப."

கண்டாச்சிபுரத்தில் தள்ளி நின்றது

அடுத்தது 24-105. கண்டாச்சிபுரத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, விடிகாலை முகூர்த்தம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி, எல்லோர் தலைக்கும் மேலாக நிம்மதியாக எடுத்தேன். குமார் "பாத்தியா?" என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

கரண்ட் அந்த நேரம் பார்த்துப் போனது. குத்துவிளக்கும் குமாரின் பேட்டரி லைட்டும்தான் மிச்சம். படத்தில் ஆட்கள் இருந்தார்கள், மாப்பிள்ளையின் கை மட்டும் புகைபோல இழுத்துக்கொண்டு போயிருந்தது. படத்தைப் பார்த்த மாப்பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, பயமா இருந்துச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் இவ்ளோ நடுங்கலியே?"

மயிலத்தில் உட்கார்ந்தது

ஆக, ஒன்றில் கூட்டம் பகை, இன்னொன்றில் இருட்டு பகை. மயிலத்தில் இரண்டும் இருந்தன. நல்ல முகூர்த்தம் என்பதால் கோயில் மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் கல்யாணங்கள். ஃபிளாஷ் அடிக்க வேண்டாம் என்று ஐயர் முதலிலேயே சொல்லிவிட்டார். அரைமனசோடு, மறுபடி வாடகைக்கு எடுத்திருந்த 24-70-ஐ மாட்டிக்கொண்டேன்.

பெண் வந்து மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. நம் பக்கத்தில் எந்தப் பெண் தாலி ஏறும்போது நிமிர்ந்து பார்க்கிறாள்? விழுப்புரத்துப் படத்திலும் கண்டாச்சிபுரத்துப் படத்திலும் பெண்ணுக்கு முகமே இல்லை, வகிடும் பூவும்தான். மாப்பிள்ளை கையையே பார்த்துப் பழகிய நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. குமார் வீடியோவுக்காக "கொஞ்சம் நிமிரும்மா" என்றார். அவள் இன்னும் குனிந்தாள்.

வேறு வழியில்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முழுக்கச் சாய்ந்து, கீழிருந்து பார்த்தேன். முகம் இருந்தது. புகையில் என் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் விளக்குப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் அக்காவிடம் "விளக்க கொஞ்சம் முன்னால காட்டுங்கக்கா" என்றேன். கெட்டி மேளம். அட்சதை என் தலையிலும் விழுந்தது.

எடுத்த படத்தைத் திரையில் பார்த்ததும் அப்பாடா என்று எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் பெண்ணின் முகம், கழுத்தில் ஏறும் தாலி, மேலே மாப்பிள்ளை. குமார் குனிந்து எட்டிப் பார்த்தார். எவ்வளவு ஜூமில் எடுத்திருக்கிறேன் என்று தேடினார். 24. இரண்டு லென்ஸும் ஆரம்பிக்கிற அதே 24.

"தரையில ஒக்காந்து எடுக்கிறதுன்னா எதுல எடுத்தா என்னா? உன்னுதையே வாங்கு."

வளைகுடாவிலிருந்து

மலையிலிருந்து இறங்கும்போதே அந்த ஒரு படத்தை மட்டும் பெண்ணின் அப்பாவுக்கு அனுப்பினேன். மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது அவர் கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். படம் பிடிக்கவில்லையோ என்று பயந்து, இலையில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

"சிரிக்குது பாத்தீங்களாம்மா? சின்னதுல எதனா தப்பு பண்ணிட்டா இப்டித்தான் தலய குனிஞ்சிக்கினு, எனக்குத் தெரியாம சிரிக்கும்."

அத்தனை நாள் இறங்காத சோறு அன்று இரண்டாம் தடவை சாம்பாரோடு இறங்கியது.

24-70-ஐத்தான் வாங்கினோம், ஆனால் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் நான் மறக்காமல் பையில் எடுத்து வைப்பது என்னவோ முட்டிவலித் தைலத்தைத்தான்.