ஈஸ்டர் ரொட்டிக்கு ஒரு பாட்டில் கள்

ஈஸ்டருக்கு நான் சுடும் பழரொட்டியைச் சாப்பிட்டவர்கள் முத்தையாபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். மாவு பொங்க நான் எதை ஊற்றினேன் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல நடித்தவர்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் பேனா முனை தாளைக் கிழிக்கிறது. வயதினால் என்று நினைத்துவிடாதீர்கள்.

கள்தான் ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றாத வீடு அப்போது கிடையாது. வேதக்காரராகிய எங்கள் வீடென்றும் மற்றவர் வீடென்றும் அதில் பேதம் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், அவ்வளவுதான். மைதாவில் முட்டையும் வெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து, நுரைத்த கள்ளை ஊற்றிப் பிசைவேன். மாவு பொங்கியதும் பாய்போல விரித்து, பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் கிராம்புப் பொடியும் பரப்பிச் சுருட்டுவேன். அடுப்பில் பெரிய தேக்சா, அதற்குள் சலித்த கடல் மணல், மணலின் மேல் ரொட்டித் தகரம், மூடியின் மேல் சிரட்டைத் தணல். வெந்து வரும்போது கள்ளின் போதை எங்கே போகுமோ தெரியாது. வாசம் மட்டும் கொஞ்சம் நிற்கும், அந்த வாசத்துக்குத்தான் ஆட்கள் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரரின் அண்ணன். டவுனில் கடை வைத்திருந்தார். சபைக் கமிட்டியில் இருந்தார். மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையேறிப் பேசுவார், கேட்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் ஐயருக்குக் காலைச் சாப்பாடு அவர் வீட்டில்தான். எங்கள் பக்கம் சபைக்குருவை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அந்தச் சாப்பாட்டுக்கு வருஷாவருஷம் ரொட்டி சுட்டுக் கொடுப்பது நான்.

சர்க்கார் கள்ளுக்கடைகளைத் திறந்திருந்த சில வருஷங்கள் இதில் ஒரு சிரமமும் இல்லை. மறுபடி மூடிவிட்டார்கள், கள் வைத்திருந்தாலே கேஸ். மூடிய பிறகு வந்த முதல் ஈஸ்டருக்கு, பேக்கரியில் ஈஸ்ட் வாங்கிப் பிசையப்போகிறேன் என்று சொன்னேன். அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், முகத்தைச் சுளித்தார். ஈஸ்ட் போட்டால் ஆஸ்பத்திரி ரொட்டி மாதிரி இருக்குமாம், ஐயர் ஒரு துண்டோடு எழுந்துவிடுவாராம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் பனையேறி வீடு ஒன்று அவருக்குத் தெரியுமாம், துணைக்குத் தானே வருகிறாராம். இதையெல்லாம் அவர் சொன்னபோது அண்ணன் அதே அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர்.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை, விடிந்ததும் போனோம். பனையேறியின் மனைவி ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, வாயைத் துணியால் மட்டும் மூடு, மூச்சு விட இடம் கொடு என்றாள். “ஏளா, இது கைப்பிள்ள மாதிரி. அமுக்குனா கத்தும்” என்று சொல்லிச் சிரித்தாள். பாட்டிலைத் துணியால் மூடிப் பைக்குள் நிமிர்த்தி வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஐயருக்கு உதவியாக இருக்கும் எங்கள் சபை உபதேசியார் ஏறினார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எங்களுக்கு நேர் முன்சீட்டில் உட்கார்ந்தார். அக்காவுக்கு வேர்த்துவிட்டது. நாறுது, நாறுது என்று என் காதில் முணுமுணுத்தார். நான் தடுப்பதற்குள் பைக்குள் கையை விட்டுத் துணியை உருவிப்போட்டு, எதற்கோ கொண்டுவந்திருந்த ஒரு தக்கையைப் பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் அறைந்து இறுக்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்கிய குலுக்கலைச் சொல்ல வேண்டியதில்லை. பனையேறி மனைவி சொன்னபடியே அது கத்தியது. தக்கை பஸ் கூரையில் போய் அடித்தது. நுரை உபதேசியாரின் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க வழிந்தது.

பஸ் முழுக்க வாசம். சிலர் சிரித்தார்கள், சிலர் மூக்கைப் பொத்தினார்கள். வழியில் இருந்த போலீஸ் சோதனைச் சாவடியில் கண்டக்டர் விசிலடித்து நிறுத்திவிட்டார். ஒரு போலீஸ்காரர் ஏறி வந்து பாட்டில் யாருடையது என்று கேட்டார். பை என் மடியில் இருக்கிறது, சேலை நனைந்திருக்கிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது? என்னுடையது, ரொட்டி மாவுக்கு என்றேன். அவர் அக்காவைப் பார்த்து, நீங்களும் சேர்ந்து வந்தவங்களா என்றார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இல்ல சார். எனக்குத் தெரியாது. நான் தனியா வாரேன்” என்றார்.

அந்தக் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. உபதேசியார் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கும்பிட்டவர் அவர். அவரும் வாயைத் திறக்கவில்லை. என்னை மட்டும் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது.

சாவடியில் இருந்த ஏட்டையா நாசரேத் பக்கத்துக்காரர். விஷயத்தை முழுக்கக் கேட்டார். என்ன பழம் போடுவாய், எத்தனை நேரம் பொங்கவைப்பாய் என்று ருசியாக விசாரித்தார். அவர் வீட்டிலும் ஆப்பத்துக்கு இதுதானாம். நுரைத்து வழிந்தது போக அரைப் பாட்டில் மிச்சம் இருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “இந்தா பிள்ள, இத வச்சு கேஸ் எழுதினா என் வீட்டுக்காரி எனக்குச் சோறு போடமாட்டா. மாவுக்குன்னா மாவுக்கே போகட்டும்” என்று என்னிடமே தந்தார். கும்பிட்டு எழுந்தேன். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

அப்போதுதான் அண்ணன் வாடகைக் காரில் வந்து இறங்கினார். அக்கா போய்ச் சொல்லியிருக்கிறார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஏட்டையாவிடம் போய்க் கைகூப்பினார். இவள் என் தம்பி பெண்டாட்டி, படிப்பு இல்லாதவள், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது, இனிமேல் செய்யமாட்டாள், நான் பொறுப்பு என்று மேடையில் பேசுகிற அதே குரலில் பேசினார். பழக்கமாம். ஏட்டையா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ரொட்டி சுடுகிறவளாக நின்ற நான், அண்ணன் மன்னிப்புக் கேட்டதும் குடிகாரியாக நின்றேன். நான் குறுக்கே பேச வாயெடுத்தபோது, சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

காரில் இரண்டு விஷயம் சொன்னார். உபதேசியார் வழியாகச் சபைக்குள் பேச்சு பரவிவிட்டதாம். அதனால் நாளைக்கு நான் திருவிருந்துக்குப் போய் முழங்கால் போடவேண்டாமாம், ஊர் வாய் ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். ஈஸ்டர் திருவிருந்து, ஐயர் கையால் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். திடப்படுத்தலாகித் திருவிருந்து வாங்க ஆரம்பித்ததிலிருந்து நான் ஒரு தடவைகூட விட்டதில்லை, பிள்ளைப்பேறு முடிந்து எழும்ப முடியாமல் கிடந்த வருஷமும் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்துப் போனவள். அதை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இரண்டாவது விஷயத்தைக் கேட்டார்.

“பாட்டில்ல மிச்சம் இருக்குல்லா? ஐயர் காலைல சாப்பிட வாரார்.”

வீட்டுக்கு வந்து மாவைக் கொட்டிப் பிசைந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. “ஒனக்குக் கோவம் வந்தா மாவுக்கு யோகம்ளா” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அன்றைக்கு மாவைத் தூக்கி அடித்த அடியில் பலகை விரிசல் விட்டது. பாழாய்ப்போன மாவு பூப்போலப் பொங்கியது. மத்தியானம் அவர் துறைமுகத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, அண்ணன்கிட்ட என்னத்தப் பேச, ஒரு வாரம் பொறுத்துக்கோ என்றார். மூடி மேல் சிரட்டைத் தணலைக் கொட்டினேன். கொஞ்சம் அவர் காலடியிலும் விழுந்தது. வேண்டுமென்று கொட்டவில்லை, ஆனால் வருத்தப்படவும் இல்லை.

ரொட்டி வெந்து இறங்கியபோது அக்கா தூக்குவாளியோடு வந்து நின்றார். ஒன்றுமே நடக்காததுபோல, வாசம் தெருமுனை வரைக்கும் வருது ஏளா என்றார்.

“நாளைக்குச் சபையில எந்திரிச்சு, இந்தக் கள்ளு எங்க வீட்டு ரொட்டிக்குத்தான், நானும் கூடப் போனேன்னு சொல்லுங்கக்கா. சொல்லிட்டு வந்து எடுத்துக்கிடுங்க” என்றேன்.

“அவுக கமிட்டில இருக்காவல்லா. எப்படிளா சொல்ல முடியும்?”

“அப்ப ஐயருக்கு பன்னு வாங்கிக் குடுங்க.”

தூக்குவாளி காலியாகத் திரும்பிப் போனது.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். பெண்கள் பக்கம் எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு அழைத்ததும் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழங்கால் போட்டேன். பக்கத்தில் அக்கா. ஐயர் வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் கை நின்றது. எத்தனை ஈஸ்டருக்கு அவர் தட்டில் என் ரொட்டி இருந்திருக்கிறது. அந்த வாசம் தெரியாத மூக்கா அவருக்கு? நான் ஏந்திய கையைக் கீழே இறக்கவில்லை. அவர் ஆண்கள் பக்கம் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய் அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

ஆண்கள் பக்கம் முழங்கால் போட்டிருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு இன்னும் கொடுத்திருக்கவில்லை. எழுந்தார். அண்ணன் அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். உதறிவிட்டுக் குறுக்கே நடந்து வந்து என் பக்கத்தில் நின்று, “எந்திரி, வீட்டுக்குப் போவோம்” என்றார்.

வீட்டில் ரொட்டியை அவரே அறுத்தார். எங்கள் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கும் ஒன்றை நீட்டினார், நான் வாங்கவில்லை. முந்தின நாள் அண்ணனிடம் பேசாமல் விட்டதற்கு அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது. அது சாயங்காலம் வரைக்கும்தான். அண்ணன், அக்கா, ஐயர், இந்த மூன்று பேர்மேலும் இருப்பது வேறு. அதற்கு ஈஸ்டர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.