நாலாம் கட்டிலில் ஒரு கித்தார்

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய அட்டை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் மாட்டுவார்களே, அந்தக் கட்டில் சீட்டு. நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ‘பேஸ் கித்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நோய், கழுத்து முறிவு. கட்டில் எண் நான்கு. எழுதியவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரையா. வேடிக்கைக்காக எழுதினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேடிக்கை அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

மலேசியாவில், கோலா கங்சாரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். டாக்டர் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாள்களில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் டிரசரையாதான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் கத்தி மடிப்பில் நிற்கும். எழுபதுகளின் கடைசியில் நான் அவருக்குக் கீழே வார்டு உதவியாளாக இருந்தேன். கட்டுத்துணியை நான் சுருட்டி வைத்தால் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டச் சொல்வார். மனசுக்குள் நான் திட்டாத நாள் கிடையாது.

என் அண்ணன் ஈப்போவில் பஸ் பட்டறையில் வேலை செய்துகொண்டு, ஓர் இசைக்குழுவில் பேஸ் கித்தார் பழகினான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் அதுவும் கூட வரும். வீட்டில் ஒலிபெருக்கி இல்லாததால் அந்த நாலு தடித்த கம்பிகளிலிருந்து முணுமுணுப்புதான் கேட்கும். “ஊமை கித்தாரு வாங்கியாந்திருக்கான்லா” என்று எங்கள் வரிசை வீடுகள் அடங்கிய லயமே சிரித்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. ஒரு தடவை அவன் வந்திருந்தபோது, அடுத்த சனிக்கிழமை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் முதன்முறையாக அவனை மேடையேற்றுவதாகக் குழுத்தலைவர் சொல்லியிருந்தார். தவறினால் அந்த இடத்துக்கு வேறொருவன் காத்திருந்தான்.

ஞாயிறு மாலை அடைமழை. கித்தார் நனைந்துவிடும் என்று அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணன் பஸ் ஏறினான். திங்கள் காலை நான் வீடு கூட்டினேன். விளக்குமாற்றின் பிடிதான் பட்டது. கித்தார் சிமெண்டுத் தரையில் முகம் குப்புற விழுந்தது. தூக்கினால், முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி கம்பிகளின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. அம்மாவிடம்கூடச் சொல்லாமல், கைலியில் சுற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணனுக்குத் தெரியாமல் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

டிரசரையா கைலியை விலக்கிப் பார்த்தார். ஒரு சொல் திட்டவில்லை. முறிந்த இடத்தை விரலால் தடவினார். “சரிவான முறிவு. ஒட்டும் பிள்ளை. ஆனா நோயாளிக்கு உரித்தான ஆள் கையெழுத்து வைக்காமல் நான் கை வைக்கிறேல்லை. உம்மட அண்ணனுக்கு நீரே சொல்லும்.”

நான் எவ்வளவோ கெஞ்சினேன். மனிதர் மசியவில்லை. போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சீட்டு எழுத உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நிரப்பிவிட்டு, ‘காயத்துக்குக் காரணம்’ என்ற கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார். நான் தமிழில் எழுதினேன்: ‘தங்கச்சி’. பிறகு பட்டறைக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, உன் கித்தாரு கழுத்து ஒடிஞ்சிருச்சுண்ணே. நாந்தான்...”

“வாரேன்” என்றான்.

மத்தியானம் எண்ணெய்க் கறையோடு வந்து நின்றான். ஈப்போவில் இசைக்கருவி விற்கும் கடைக்கு ஓடிக் கேட்டுவிட்டு வந்திருந்தான். புதுக் கழுத்து கப்பலில்தான் வரவேண்டுமாம், மாதக்கணக்காகுமாம். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் மருந்துக்கட்டு அறைக்குள் புகுந்து, சுருட்டியிருந்த துணிகளையே மீண்டும் சுருட்டினேன். வெளியே டிரசரையாவின் குரல் கேட்டது. “நோயாளிக்கு என்ன முறை?”

“தகப்பன்னு போடுங்கய்யா.”

“சரி. இதிலை கையெழுத்து.” சற்றுப் பொறுத்து, “வைச்சாச்செல்லே? பேனையைத் தாரும்” என்றார்.

அண்ணன் உள்ளே வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தான். “மரந்தானேலா, அழுவாத.” அது என் அழுகையை இன்னும் கூட்டிவிட்டது.

அப்புறம் நடந்தது அசல் அறுவைசிகிச்சை. முதலில் கம்பிகளைத் தளர்த்தினார். தசை இழுத்துக்கொண்டிருக்கும்வரை எலும்பு சேராதாம். பிளந்து நின்ற மரச்சிம்புகளைக் கிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் படுக்க வைத்தார். தச்சரிடம் வாங்கிய மரப்பசையைத் தடித்த ஊசியால் பிளவின் அடிவரை ஏற்றினார். முறிவைப் பொருத்தி, பஞ்சு வைத்து, இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் குழாயால் இறுக்கி இறுக்கிச் சுற்றினார். தோட்டமே பால் வெட்டிப் பிழைக்கிற ரப்பர்தான் கழுத்தையும் பிடித்து நிறுத்தியது. பிறகு ஆண்கள் வார்டில் காலியாக இருந்த நாலாம் கட்டிலில் நோயாளியைப் படுக்க வைத்தார். மறுநாள் கட்டை அவிழ்த்து, நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டைகளைப் பின்பக்கம் அடுக்கி ஒட்டி, மறுபடி கட்டினார். சீட்டை மட்டும் கட்டிலில் மாட்டாமல் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். பெரிய டாக்டர் கண்ணில் பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

பதிவேட்டில் ஆண்கள் வார்டுக்கு நாலு பேர் என்றிருந்ததால் சமையல்கட்டிலிருந்து நாலு கிண்ணம் கஞ்சி வந்தது. மூன்றாம் கட்டிலில் கால் கட்டோடு கிடந்த கங்காணி, “பாவம், அதுக்கு வாய் இல்ல, நான் குடிச்சிக்கிறேன்” என்று ஒரு வாரமும் இரட்டைக் கஞ்சி குடித்துத் தேறினார். சேதி பரவி, பால் வெட்டு முடிந்ததும் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வந்தார்கள். ஊமை என்று சிரித்த அதே லயத்துப் பெண்கள் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, “இப்ப எப்படி இருக்கு?” என்று என்னிடம் விசாரித்தார்கள். டிரசரையா பார்வையாளர் நேரம் முடிந்ததும் எல்லோரையும் விரட்டினார், நோயாளிக்கு ஓய்வு வேண்டுமாம். வியாழக்கிழமையிலிருந்து கம்பிகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். “நடை பழக்கிறேன்” என்றார், முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

சனிக்கிழமை ஈப்போ மண்டபத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு, கைதட்டல் எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கண் கழுத்தின் மேலேயே இருந்தது. முதல் பாட்டில் அண்ணனும் கழுத்துக்குப் பயந்து மெதுவாகத்தான் கம்பியைத் தொட்டான். இரண்டாம் பாட்டில் அந்த ஊமை கித்தார் ஒலிபெருக்கி வழியே வாய் திறந்து உறுமியது. நாற்காலி அதிர்ந்தது, என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அண்ணன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதுபோல் என் கல்யாணத்தன்றுகூடச் சந்தோஷப்பட்டேனா என்பது சந்தேகம்.

முடிந்ததும் டிரசரையா மேடையேறி, முறிந்த இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பையிலிருந்து சீட்டை எடுத்து, வீடு திரும்பிய தேதியை நிரப்பி, “இது உமக்கு, பிள்ளை” என்று என்னிடம் தந்தார். கடைசி வரியில் ‘தங்கச்சி’ கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் அண்ணனின் கோணல் கையெழுத்தில், ‘சுவரில் சாய்த்து வைத்த மடையன்’. கையெழுத்து வைத்த அந்த மத்தியானமே எழுதியிருக்கிறான். அத்தனை நாளும் அதை நான் பார்த்துவிடாமல் பூட்டி வைத்திருந்திருக்கிறார் அந்த வேடிக்கை தெரியாத மனிதர். மேடையோரத்தில் நின்று அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

அண்ணனுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணங்களில் அதே கித்தாரை இன்னும் வாசிக்கிறான். ஒட்டிய கழுத்து அசையவில்லை. போன மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது கித்தார் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்திலேயே விளக்குமாறு. நான் மெதுவாகக் கித்தாரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். அவன் எழுதியது சரிதான்.