காது வீக்கான வில்லனுங்க

ஒரே கதைய அதே நாலு பேரு வருஷக்கணக்கா போரடிக்காம ஆட முடியுமா, சொல்லு? நாங்க ஆடுனோம்.

பெரியப்பா பொண்ணு, எங்க அக்கா, காலேஜ்ல கத்துக்கினு வந்த சூப்பர் ஹீரோ கேம் அது. போர்டு கிடையாது, ஃபோன் கிடையாது. அவ கதை சொல்லுவா, நாங்க ஆளுக்கொரு ஹீரோ. ‘நான் எகிறி குதிக்கிறேன்’னு சொல்லிட்டு தாயக்கட்டைய உருட்டணும். நல்லா விழுந்தா குதிச்சிட்ட, இல்லன்னா காலு போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், மாடியில, வாட்டர் டேங்க் நெழல்ல ஆட்டம்.

நான் ஜரிகை மேன். வில்லன் கை காலெல்லாம் ஜரிகையில சுத்தி மூட்டை கட்டிடுவேன். என் தங்கச்சி இட்லி தின்னா மாயமா போயிடுவா. அக்காவோட தம்பி என் வயசுதான், அவன் பாலாத்து வீரன்.

"தண்ணியே இல்லாத ஆத்துக்கு இன்னாடா பவரு?"ன்னு கலாய்ப்பேன்.

"மணல்ல பொதைச்சிடுவேன், மூடிக்கினு உருட்டுடா"ம்பான்.

கீழ ஒரே வீடு. முன்பக்கம் நாங்க, பின்பக்கம் பெரியப்பா. கிணறும் மாடிப்படியும் பொது. வீட்டப் பிரிக்கிறதப் பத்தி அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கினே இருப்பாங்க. பேசிக்கினுன்னா, கத்திக்கினு. எங்க ஃபேமிலிக்கே மெதுவா பேச வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

அக்காகிட்ட ஒரு டேலண்ட் இருந்துது. எங்கேந்தோ புடிச்சி ட்விஸ்ட் வைப்பா. கருட சேவை கூட்டத்துல ஹீரோங்க சும்மா நின்னுக்கினு இருப்பாங்க. திடீர்னு, "பெருமாள் குடைய எவனோ தூக்கிக்கினு பறக்கறான்டா! எல்லாரும் கத்துங்க, கத்துனாதான் கீழ விழுவான்!"ம்பா. தொண்டை கிழிய கத்துவோம். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு ராட்சசன், அவனும் கத்துனாதான் சாவான். பாலாத்துல வெள்ளம், கத்துனாதான் வடியும். யோசிச்சிப் பாரு, வந்த வில்லன் அத்தினி பேருக்கும் காதுதான் வீக்கு. ஒருத்தனுக்காவது டவுட் வந்துதா? வர்ல.

எதிர் வீட்டம்மாதான் ஜன்னல்லேந்து திட்டும். "கீழ ஒரு கச்சேரி, மேல ஒரு கச்சேரி, நாங்க எங்கடா போயி சாவறது?"

ஒரு தபா கீழ அம்மா அழுவுற மாதிரி கேட்டுது. எட்டிப் பாக்க எழுந்தேன். அக்கா சட்டையப் புடிச்சி இழுத்தா.

"ஜரிகை மேன் போயிட்டா ஊரே காலிடா."

பெருமையா திரும்ப உக்காந்துட்டேன்.

கடைசி ஞாயிறு கீழ சத்தமே இல்ல. யாரோ ரெண்டு பேரு டேப் வெச்சி கூடத்த அளந்துக்கினு இருந்தாங்க. அப்பா ஒரு மூலையில, பெரியப்பா ஒரு மூலையில, வாயே தொறக்கல. மேல கதையும் அப்படியே. குடை பறக்கல, வெள்ளம் வர்ல. ஹீரோங்க டீக்கடையில உக்காந்துக்கினு இருந்தாங்க.

"இன்னாக்கா, ட்விஸ்ட் இல்லியா? செம மொக்க."

"இல்லடா. வில்லன் ஜெயிச்சிட்டான்."

"எவன்? நாங்க பாக்கவே இல்லியே! கத்தட்டுமா?"

"இனிமே கத்தி இன்னா ஆவப் போவுது"ன்னு தாயக்கட்டைய துப்பட்டாவுல முடிஞ்சிக்கினு எறங்கிட்டா.

நானும் பாலாத்து வீரனும் படிக்கட்டு வரைக்கும் தொரத்திக்கினு போயி "போங்கு! போங்கு!"ன்னு கத்துனோம். கட்டையே உருட்டாம ஒருத்தன் எப்படி ஜெயிப்பான்? ரூல்லயே கிடையாதே. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கத்துனது அதான் லாஸ்ட்டு. அப்ப எனக்கு அக்கா மேலதான் காண்டு.

இப்ப மாடிக்கு நடுவுல செங்கல் சுவரு நிக்குது. தெருவுல எதிர்ல வந்தா பாலாத்து வீரன் ஹெல்மெட் கண்ணாடிய எறக்கிக்கறான். வாட்டர் டேங்க் அவங்க சைடு.