பென்சிலில் எழுதிய பெயர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாத முற்பகல். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். ஊரில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. திருச்சுழி சாலையில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கரண்ட் போய்த் திரும்பியதிலிருந்து காசநோய்ப் பிரிவின் பட்டியல் திறக்கவில்லையாம்.

அந்தப் பிரிவைக் கவனித்த நர்ஸ் என்னைவிட நாலைந்து வயது இளையவர். யாருக்கு எத்தனையாவது மாத மாத்திரை ஓடுகிறது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. பழைய அட்டைகளைக் கரையான் தின்ற பிறகுதான் கம்ப்யூட்டரே வாங்கியிருந்தார்கள். வெளியே பெஞ்சில், வீரசோழன் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது புது வகை ஏற்பாடு. டிஸ்க்கில் எதையாவது மாற்றுவதற்கு முன், என்ன மாற்றப்போகிறது என்று அதே டிஸ்க்கின் ஒரு மூலையில் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட வேலையை முடித்துவிடும் அல்லது ரத்து செய்துவிடும். மிச்சக் கோளாறுக்கு, சரிசெய்யச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் போதும் என்று நர்ஸிடமும் விளக்கினேன். கட்டளையை அடித்து முடித்து, கடைசிப் பொத்தானில் விரலை வைத்தேன்.

"சார், இதுல ஏதும் அழிஞ்சுபோச்சுன்னா பழையபடி கொண்டாந்துரலாமா?" என்றார் நர்ஸ்.

"அஞ்சு நிமிச வேலை சிஸ்டர், பயப்படாதீக" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

அவர் தன் நோட்டைக் காட்டினார். மாத்திரை கொடுக்கும் முன் பெயரைப் பென்சிலில் எழுதுவார். கண் முன்னால் விழுங்கியதும் அதன்மேல் பேனாவால் எழுதுவார். நடுவில் யாராவது கூப்பிட்டால், பென்சிலில் நிற்கும் பெயர்தான் பாக்கி. சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்.

"நீங்க சொல்றதும் இதேதான சார்? நோட்டே நனைஞ்சுபோச்சுன்னா நான் எதைப் பாத்துச் சரி பண்ணுவேன்? மொதல்ல எதையும் மாத்தாமப் பாருங்களேன்."

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. ஆனாலும் விரலை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன். அவர் பெஞ்சில் இருந்தவர்களை மறுநாள் வரச் சொன்னார்.

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதில் ஓர் எழுத்துகூட எழுதாமல் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து, உள்ளே பழுதான டிஸ்க் போடும் டிக் டிக்கென்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது. நகலை மட்டும் சோதித்து, என்ன கோளாறு என்று பார்த்த பிறகே சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தேன். பட்டியல் திறந்தது. ஒரு பெயர்கூடக் குறையவில்லை.

அதற்குப் பிறகும் என் வீம்பு போகவில்லை. காலையில் கொடுக்கவிருந்த அதே கட்டளையைப் பழைய டிஸ்க்குக்குக் கொடுத்துப் பார்த்தேன். பாதி வரை ஓடியது. அப்புறம் நின்றது. அதோடு அந்த டிஸ்க் உயிர்பெறவே இல்லை. காலையிலேயே அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் பட்டியல் முழுவதும் அதோடு போயிருக்கும்.

மறுநாள் பட்டியலைக் கொடுத்தபோது இதையும் நர்ஸிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் பெஞ்சில் முதலில் இருந்தவரைக் கூப்பிட்டு, அவர் பெயரைப் பென்சிலில் எழுதிவிட்டு மாத்திரையை எடுத்தார்.

என் கைத்திறமை மேல் எனக்கு இன்றும் நம்பிக்கை குறையவில்லை. ஆனால் எந்த டிஸ்க்கைத் தொடும் முன்பும், அந்தப் பெஞ்சில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை நினைத்துக்கொண்டு, முதலில் நகல்தான் எடுக்கிறேன்.